வின்டோஸ் திரும்பப் போட்ட பிறகும் கொம்பியூட்டர் மந்தமா? காசு கொடுக்குமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை



இந்த இதழின் பாடம் கொம்பியூட்டரைப் பற்றியது. ‘மலைக்குப் போகிறவங்களுக்கு இது எதுக்கு’ என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். 2020 மார்ச் மாதத்தில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு லயத்திலும் கிராமத்திலும் பல வீடுகளுக்குள் கொம்பியூட்டர் வந்துவிட்டது. அநேகமானவை பாவித்த மெஷின்கள். 2022இல் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதும் புது மெஷின் நம் கைக்கு எட்டாமல் போனது. ஆகவே பழசை வைத்துத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பழைய மெஷின் மந்தமானால் கடையில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். “வின்டோஸ் பழசாயிருச்சு அண்ணே, திரும்பப் போடணும்.” சில சமயம் அது சரியான வைத்தியம்தான். ஆனால் போட்டு வந்த பிறகும் மந்தமாகவே இருந்தால்? “இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்” என்பார்கள். அதற்கும் சரிவராவிட்டால் “புதுசு எடுங்க” என்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேரும் பஸ் காசும் போகிறது.

இன்றைய பாடத்தின் சாரம் இதுதான்: வின்டோஸ் திரும்பப் போட்ட பிறகும் மந்தம் தீராவிட்டால், மறுபடி மறுபடி போடுவது மருந்தல்ல. எது தடுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குக் காசு தேவையில்லை.

வாவிக்கரையில் ஒரு வீடு

இந்த இதழை மலைநாட்டில் உள்ளவர்கள் மட்டும் வாசிப்பதில்லை. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி வடக்கு கிழக்கில் குடியேறிய நம் சொந்தங்களும் வாசிக்கிறார்கள். பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா வழியாக இறங்கும் ஏ5 வீதி செங்கலடியில் போய் முடிகிறது. அங்கிருந்து மட்டக்களப்பு வாவி பக்கத்தில்தான். வாவிக்குக் கிழக்கே உள்ள ஊர்கள் எழுவான்கரை, மேற்கே உள்ளவை படுவான்கரை.

படுவான்கரையில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு நடந்ததை இங்கே பாடமாக எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். மகள் உயர்தரம் படிக்கிறாள். தகப்பன் அவளுக்காகப் பாவித்த டெஸ்க்டொப் ஒன்று வாங்கியிருந்தார். 4 கிகாபைட் மெமரி, 500 கிகாபைட் ஹாட் டிஸ்க். ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு மெஷினைப் போட்டால் திரை வர பத்து நிமிடம் ஆனது. டவுனில் ஒரு கடையில் வின்டோஸ் 10 திரும்பப் போட்டார்கள். இரண்டு நாள் பரவாயில்லை, பிறகு முன்னையைவிட மோசம். மறுபடி அதே கடை, அதே வேலை, மறுபடி காசு. மூன்றாம் முறை “இது சரிவராது, புதுசு எடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அம்மாவின் தோட்டை அடகு வைக்கும் பேச்சு வந்துவிட்டது.

அந்த மெஷினுக்குள் மகளின் பாடக் குறிப்புகள் மட்டும் இருக்கவில்லை. தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணிக் கடிதங்கள் எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். மூலப் பத்திரங்களில் சில ஒரு வெள்ளத்தில் நனைந்து வாசிக்க முடியாமல் போனவை. 1948க்குப் பிறகு நாடற்றவர் என்று பெயர் வாங்கிய ஒரு சமூகத்துக்கு, ஒரு துண்டுக் காகிதத்தின் பெறுமதியை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்த நேரத்தில், வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவர், “மாமா, காசு குடுக்க முதல் ஒருக்கா பார்ப்பமே” என்று சொன்னார். அவர் பார்த்த ஒழுங்கிலேயே நாமும் பார்ப்போம்.

படி 1: முதல் இரண்டு நாள் பொறுமை

கவ்வாத்து வெட்டிய மலையில் அடுத்த கிழமையே கொழுந்து எடுக்க முடியாது. செடி தழைத்து வர மாதக்கணக்காகும். அதற்காகச் செடி பட்டுப்போச்சு என்று யாரும் சொல்வதில்லை. புதிதாகப் போட்ட வின்டோஸும் இப்படித்தான். முதல் ஒன்றிரண்டு நாள் அது நமக்குத் தெரியாமல் பல வேலைகளைச் செய்துகொண்டிருக்கும். பல கிகாபைட் அளவான திருத்தங்களை இணையத்தில் இருந்து இறக்கும். டிஸ்க்கில் உள்ள கோப்புகளைத் தேடி அட்டவணை போடும். உள்ளேயே இருக்கும் டிபென்டர் என்ற வைரஸ் காவல் எல்லாக் கோப்பையும் ஒருமுறை பரிசோதிக்கும். இவை முடியும்வரை மெஷின் இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே போட்டு வந்த அன்றே முடிவு கட்டாதீர்கள். ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். திருத்தங்கள் முடிந்ததும் நிறுத்தித் திரும்பப் போடுங்கள். போனில் இருந்து ரீலோட் போட்ட டேட்டாவைக் கொடுத்தால் ஒரே இரவில் முழுக்கத் தீர்ந்துவிடும். முடியுமானால் வைபை உள்ள உறவினர் வீட்டிலோ, படிப்பகத்திலோ வைத்து இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பாவிக்கும்போது இணைய அமைப்பில் ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்பதை ஒன் பண்ணி வைத்தால் பெரும்பாலான திருத்தங்கள் கேட்காமல் இறங்கா.

மூன்று நாளுக்குப் பிறகும் அதே மந்தம் என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: மந்தம் மெஷினிலா, லைனிலா?

இணையத்தைத் துண்டித்துவிட்டு, மெஷினுக்குள் இருக்கும் ஒரு படத்தையோ கட்டுரையையோ திறந்து பாருங்கள். அது சட்டென்று திறந்தால் மெஷினில் குறையில்லை, சிக்னல்தான் குறை. மலைக்கு நடுவே பள்ளத்தில் உள்ள லயங்களில் இது சகஜம். வின்டோஸை எத்தனை தடவை போட்டாலும் சிக்னல் கூடாது. துண்டித்த பிறகும் இழுத்தால் குறை மெஷினுக்குள் இருக்கிறது.

படி 3: மெஷினின் செக்ரோல்

யார் வேலைக்கு வந்தார்கள், யார் எவ்வளவு கொழுந்து எடுத்தார்கள் என்று தோட்டத்தில் செக்ரோல் பார்த்தால் தெரியும். வின்டோஸிலும் அப்படி ஒன்று இருக்கிறது. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் என்ற பெட்டி வரும். சிறிதாக வந்தால் கீழே உள்ள ‘மோர் டீடெய்ல்ஸ்’ஐ அழுத்துங்கள்.

மெஷினைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்றையும் திறக்காமல் விட்டுவிட்டு இதைப் பாருங்கள். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வேர்க் என்று நான்கு வரிசையில் வீதக் கணக்கு தெரியும். இதில் முதல் மூன்றும் நமக்கு வேண்டும்.

சிபியு என்பது வேலை செய்யும் கை. மெமரி என்பது குசினி மேசை. டிஸ்க் என்பது சாமான் வைக்கும் அறை. சமைப்பவர் கெட்டியாக இருந்தாலும் மேசை சிறிதென்றால் ஒவ்வொரு சாமானையும் அறைக்குக் கொண்டுபோய் வைத்து, அடுத்ததை எடுத்து வர வேண்டும். அறைக் கதவு இறுகிப் போயிருந்தால் இன்னும் மோசம். எந்த இடத்தில் தடங்கல் என்று இந்தப் பெட்டி காட்டிவிடும். ஒன்றும் திறக்காத நேரத்தில் மூன்றும் தாழ்வாக இருப்பதே ஒழுங்கு. நான்கு விதமான குறைகளை இதில் காணலாம்.

சிபியு ஏறி நிற்பது

ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே சிபியு 70, 80, 100 வீதம் என்று நின்றால், அந்தத் தலைப்பை ஒருமுறை அழுத்துங்கள். அதிகம் தின்பது மேலே வரும். வின்டோஸ் அப்டேட், டிபென்டர் என்ற பெயர்கள் என்றால் பொறுத்திருக்கலாம். முன்பின் தெரியாத பெயர் என்றால் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு ஒரு முக்கிய காரணம் உண்டு. உரிமம் இல்லாத வின்டோஸை ‘திறக்க’ என்று சில இடங்களில் ஒரு குட்டி புரோகிராமைப் போட்டு விடுவார்கள். அப்படியானவற்றோடு கெட்ட புரோகிராம்களும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. சில, நம் மெஷினின் உழைப்பை எடுத்து வேறு யாருக்கோ இணையக் காசு சம்பாதித்துக் கொடுக்கும். நாம் கரண்ட் பில் கட்டுவோம், உழைப்பு வேறொருவருக்குப் போகும். நம்மவர்களுக்குப் பழகிய கதைதான் இது.

பல பழைய மெஷின்களுக்கு முன்னமே உரிமம் இருக்கிறது. விற்கும்போது வின்டோஸோடு வந்தவற்றில் உடம்பில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வின்டோஸ் 8 காலத்துக்குப் பிந்தியவற்றில் உரிம எண் மதர்போர்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஒருமுறை உரிமத்தோடு ஓடிய மெஷினில் அதே வகை வின்டோஸ் 10ஐத் திரும்பப் போட்டால், இணையத்தோடு சேர்ந்ததும் பெரும்பாலும் தானாகவே உரிமம் ஏறிக்கொள்ளும். போடும் கோப்பை மைக்ரோசொப்ட் நிறுவனமே தன் இணையத்தளத்தில் இலவசமாகத் தருகிறது. 8 கிகாபைட் பென் டிரைவ் ஒன்று போதும். ஆகவே கடையில் முதலில் கேளுங்கள்: “தம்பி, இந்த மெஷினில் முன்னமே லைசன்ஸ் இருக்கா?”

இன்னொன்று: இரண்டு மூன்று வைரஸ் காவல் புரோகிராம்களை ஒன்றாகப் போடாதீர்கள். ஒரு வாசலுக்கு மூன்று காவல்காரர் நின்றால் போகிற வருகிற எல்லாரையும் மூன்று தடவை நிறுத்துவார்கள். வின்டோஸ் 10, 11 இரண்டிலும் டிபென்டர் உள்ளேயே இருக்கிறது. வீட்டுப் பாவனைக்கு அது போதும்.

மெமரி நிறைந்து நிற்பது

மெமரி எப்போதும் 80 வீதத்துக்கு மேல் நின்றால் மேசை போதவில்லை. டாஸ்க் மனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பக்கத்தைத் திறந்து, மெஷினோடு சேர்ந்து தானாக எழும்பும் புரோகிராம்களில் தேவையில்லாதவற்றை ‘டிசேபிள்’ செய்யுங்கள். இணையம் பார்க்கும்போது பத்துப் பன்னிரண்டு பக்கங்களைத் திறந்து வைக்கிற பழக்கத்தைப் பிள்ளைகள் விட வேண்டும்.

திரும்பப் போட்ட மெஷினில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று, போட்டது 32 பிட் வின்டோஸா, 64 பிட் வின்டோஸா என்பது. ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘அபௌட்’ என்று போனால் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் இருக்கும். வீட்டு மெஷின்களில் போடும் 32 பிட் வின்டோஸால் 4 கிகாபைட்டுக்கு மேல் மெமரியைப் பாவிக்க முடியாது. அந்த 4இலும் முழுதாகக் கைக்கு வராது. உங்கள் மெஷினில் 8 இருந்தாலும் பாதி சும்மா கிடக்கும். அவசரத்தில் கையில் கிடைத்த டிஸ்க்கைப் போட்டு விடும் இடங்களில் இது நடக்கும். இந்த ஒரு விசயத்துக்கு மட்டும் வின்டோஸை மறுபடி போடுவது நியாயம்.

டிஸ்க் 100 வீதத்தில் நிற்பது

பழைய மெஷின்களில் அதிகம் காண்பது இதுதான். அந்தப் படுவான்கரை வீட்டிலும் இதுவே. சிபியு 10 வீதம், மெமரி 60 வீதம், டிஸ்க் மட்டும் 100. இரண்டு நாள் கழித்துப் பார்த்தாலும் 100.

பழைய ஹாட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும் தட்டு இருக்கிறது. அதன்மேல் ஒரு சிறு கை ஓடி ஓடி எழுத்தைத் தேடுகிறது. வின்டோஸ் 10 ஒரே நேரத்தில் பல இடத்தில் வாசிக்கக் கேட்கும்; ஒரு கை எத்தனை இடத்துக்கு ஓடும்? இப்படித் தாமதிப்பது ஒரு வகை. தட்டே தேய்ந்து, சில இடங்களை வாசிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சிப்பது மற்ற வகை. இந்த இரண்டாவது வகை ஆபத்து.

எந்த வகை என்று அறிய ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்போ’ என்ற இலவசப் புரோகிராம் உண்டு. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பை அது வாசித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் முடிந்துவிட்டது. டிஸ்க்கில் இருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் எந்த நிறம் காட்டினாலும் நம்பாதீர்கள்.

மஞ்சளோ சிவப்போ வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வேறு எதையும் தொடாமல், முதலில் உங்கள் கோப்புகளை வெளியே எடுங்கள். வின்டோஸை மறுபடி போடாதீர்கள். ஒவ்வொரு தடவை போடும்போதும் பல கிகாபைட் புதிதாக எழுதப்படுகிறது. சாகப் போகிற டிஸ்க்குக்கு அது கடைசி உதையாக முடியலாம். உங்கள் பழைய கோப்புகளின் மேலேயே எழுதப்பட்டும் விடலாம்.

மூன்றும் தாழ்வு, ஆனாலும் மந்தம்

இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது டிரைவர். மெஷினின் ஒவ்வோர் உறுப்பையும் எப்படி ஓட்டுவது என்று வின்டோஸுக்குச் சொல்லும் சிறு புரோகிராம் அது. திரும்பப் போடும்போது பழையவை போய்விடும். ‘டிவைஸ் மனேஜர்’ என்பதைத் திறந்து பாருங்கள். மஞ்சள் குறி போட்ட வரி இருந்தால் அந்த உறுப்புக்கு டிரைவர் இல்லை. ‘டிஸ்பிளே அடப்டர்’ என்ற இடத்தில் ‘மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர்’ என்று மட்டும் இருந்தால், படத்துக்கான உறுப்பு சும்மா நிற்கிறது. வீடியோ விட்டு விட்டு ஓடும். மெஷின் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மொடல் இலக்கத்தைக் கொடுத்து அதற்குரிய டிரைவரை மட்டும் இறக்குங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் தருகிறோம்’ என்று வரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள்.

இரண்டாவது சூடு. சிபியுவின் சூடு 90, 100 பாகை செல்சியஸை நெருங்கினால், எரிந்து போகாமல் இருக்க அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போட்ட பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மந்தமாகி, விசிறி இரைந்தால் சூடுதான் காரணம் என்று நினைக்கலாம்.

மலைக்கும் வாவிக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடுகிறது. மட்டக்களப்பில் அதைக் கச்சான் காற்று என்கிறார்கள். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை மணம் ஏறுவதும் அந்தக் காய்ந்த காற்றால்தான். தேயிலைக்கு நல்லது செய்யும் அதே காற்று, வாவிக்கரையில் கொம்பியூட்டருக்குள் புழுதியை அடைத்துவிடும். கடலோரமான எழுவான்கரையில் உப்புக் காற்றும் சேர்ந்து உலோகத் தொடுப்புகளை அரிக்கும். மலையிலோ மூடுபனி ஈரம். எங்கே இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை துப்புரவு தேவை.

துப்புரவு செய்யுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வரும் கரண்ட் 230 வோல்ட், விளையாட்டல்ல. பக்கத்துத் தகட்டைத் திறந்து, மெல்லிய பிரஷ்சால் புழுதியைத் தட்டுங்கள். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தட்ட வேண்டும். பவர் சப்ளை என்ற இரும்புப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக் கழற்றிய பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும். சிபியுவுக்கும் அதன் மேலுள்ள தகட்டுக்கும் நடுவே பூசும் பசை காய்ந்திருந்தால் அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

மூன்றாவது பவர். ‘பவர் ஒப்ஷன்ஸ்’இல் ‘பவர் சேவர்’ என்று இருந்தால் ‘பேலன்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். லப்டொப் என்றால் சார்ஜரையும் பாருங்கள். தன்னுடைய சார்ஜர் இல்லை என்று கண்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் லப்டொப்புகள் உண்டு.

போட்ட பிறகு காணாமற் போனவை

“வின்டோஸ் போட்டதும் எல்லாம் அழிஞ்சிருச்சு” என்று அழுகிறவர்களுக்கு இரண்டு விசயம்.

டிஸ்க்கை அழிக்காமல் மேலே போட்டிருந்தால், பழையதெல்லாம் சீ டிரைவில் ‘வின்டோஸ் டொட் ஓல்ட்’ என்ற பெட்டிக்குள் இருக்கும். அதற்குள் ‘யூசர்ஸ்’ என்பதைத் திறந்தால் உங்கள் பழைய படங்களும் கடிதங்களும் கிடைக்கலாம். சில நாட்களில் அது தானாக அழிந்துவிடவும் கூடும், ஆகவே தாமதிக்காதீர்கள். எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு ‘டிஸ்க் கிளீனப்’ மூலம் அதை நீக்கினால் பல கிகாபைட் இடம் கிடைக்கும்.

மற்றது, பழைய தமிழ்க் கடிதங்கள் ஆங்கில எழுத்தும் முற்றுப்புள்ளியுமாகத் தெரிவது. அது கெட்டுப் போகவில்லை. நம் நாட்டில் நீண்ட காலம் பாமினி என்ற எழுத்துருவில்தான் தமிழ் அடித்தோம். அந்த எழுத்துரு வின்டோஸோடு வருவதில்லை. மறுபடி பாமினியைப் போட்டதும் தமிழ் திரும்ப வந்துவிடும். கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். இனி எழுதுவதை யூனிகோட்டில் எழுதினால் போனிலும் கொம்பியூட்டரிலும் எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும்.

அந்த வீட்டில் என்ன நடந்தது?

டிஸ்க் மஞ்சள் காட்டியது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்றைக்கு வேறொன்றும் செய்யவில்லை. ஒரு பென் டிரைவை எடுத்து, முதலில் பத்திரங்கள், பிறகு பாடக் குறிப்புகள், கடைசியாகப் படங்கள் என்று இறக்கினார். இழந்தால் திரும்பப் பெற முடியாதது முதலில். பத்திரங்களில் ஒன்று இரண்டு முறை முயன்ற பிறகுதான் திறந்தது. சில கலியாணப் படங்கள் திறக்கவேயில்லை.

பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்ற சிறிய டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டார்கள். அதற்கு ஆன செலவு, புது மெஷினுக்குச் சொன்ன விலையில் ஒரு சிறு பங்குதான். வின்டோஸை இந்தத் தடவை 64 பிட் பார்த்துப் போட்டு, புழுதியும் தட்டினார்கள். இப்போது ஒரு நிமிடத்துக்குள் திரை வருகிறது. தோடு அம்மாவின் காதிலேயே இருக்கிறது.

எந்த வின்டோஸ் போடுவது?

வின்டோஸ் 7க்கு மைக்ரோசொப்ட் கொடுத்த பாதுகாப்பு 14.01.2020இல் நின்றது. வின்டோஸ் 10க்கு 14.10.2025இல் நின்றது, பதிவு செய்துகொண்ட வீட்டு மெஷின்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் வரை நீடித்த பாதுகாப்பு என்று அறிவித்தார்கள். நின்ற அன்றே மெஷின் நின்றுவிடாது. ஆனால் புதிய திருட்டு வழிகளுக்குப் பூட்டு வராது. அப்படிப்பட்ட மெஷினில் வங்கிக் கணக்கு வேலைகள் செய்ய வேண்டாம்.

வின்டோஸ் 11க்குக் குறைந்தது 4 கிகாபைட் மெமரி, 64 கிகாபைட் டிஸ்க், டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். பல பழைய மெஷின்களில் இந்தச் சில்லு இல்லை. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

மூன்றாவது வழி லினக்ஸ். இது இலவசம், உரிமப் பிரச்சினை இல்லை. லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவை பழைய மெஷினிலும் இலேசாக ஓடும். கட்டுரை எழுத, இணையத்தில் பாடம் பார்க்க, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப அது போதும். பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்தால் மட்டும் போடலாம்.

கடைக்குப் போகும்போது கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. டிஸ்க்கைப் பரிசோதித்தீர்களா? என்ன நிறம் காட்டியது?
2. என் கோப்புகளை முதலில் வேறிடத்தில் எடுத்து வைப்பீர்களா?
3. போடப் போவது 64 பிட் தானா? முன்னமே உள்ள லைசன்ஸ் ஏறுமா?
4. டிரைவர் எல்லாம் போட்டுத் தருவீர்களா? டிவைஸ் மனேஜரைத் திறந்து காட்டுவீர்களா?
5. கழற்றிய பழைய டிஸ்க்கை என் கையில் தருவீர்களா?

கடைசிக் கேள்வி முக்கியம். அந்த டிஸ்க்குக்குள் உங்கள் வீட்டுப் பத்திரங்களும் பெண்பிள்ளைகளின் படங்களும் இருக்கின்றன. அதை எங்கேயும் விட்டு வரக்கூடாது. நல்ல தொழில் தெரிந்த தம்பிமார் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்கள், சந்தோசமாகப் பதில் சொல்வார்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டு மெஷினிலோ போனிலோ இருக்கும் பத்திரங்களில், தொலைந்தால் திரும்ப எடுக்க முடியாதவை எவை? அவற்றின் இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது?
2. மெஷின் மந்தமாகும்போது டாஸ்க் மனேஜரில் முதலில் பார்க்க வேண்டிய மூன்று வரிசைகள் எவை?
3. டிஸ்க் மஞ்சள் காட்டினால் முதலில் செய்ய வேண்டியது என்ன? செய்யக்கூடாதது என்ன?
4. டாஸ்க் மனேஜர் பார்க்கத் தெரிந்த பிள்ளை நம் லயத்தில் யார்? அந்தப் பிள்ளையிடம் இன்னும் இரண்டு பிள்ளைகள் பழகிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடியுமா?

முதல் கேள்விக்கான பதிலை மட்டும் இந்தக் கிழமைக்குள் செய்து முடித்துவிடுங்கள். மற்றவை மெதுவாக வரட்டும்.